பதினைந்து ஆண்டுத் தவணை

மின்கட்டண ரசீதுக்கும்
பேரங்காடித் தள்ளுபடித் தாளுக்கும் நடுவே
சுவா சூ காங் இடுகாட்டுக் கடிதம்.
கணவரின் குழிக்குக் காலம் முடிகிறதாம்.
மரியாதையான கடிதம்தான்.
வீட்டைக் காலிசெய்யச் சொல்வதுபோல் இல்லை,
நூலகப் புத்தகத்தைத்
திருப்பித் தரச் சொல்வதுபோல்.

இந்தத் தீவில் எல்லாமே தவணை.
பத்தாண்டுக்குக் கார்.
தொண்ணூற்றொன்பதுக்கு வீடு.
பதினைந்துக்கு மண்.

ஈசூன் வீட்டின் சாவி கிடைத்த அன்று
அதை விரலில் சுழற்றிக்கொண்டே
ஞானாபரணம் கேட்டார்:
"தொண்ணூற்றொன்பது முடியறப்போ
நாம எங்க இருப்போம், சொல்லு பாப்போம்?"
பதிலையும் அவரே சொன்னார்.
நான் அப்போது
சமையலறைத் தரைக்கு
எந்த நிற ஓடு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவில் ஒரு கேள்வி, சிறுபிள்ளைத்தனமாக.
வீடு மாறினால் இருபத்தெட்டு நாளுக்குள்
அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் இங்கே.
குழி மாறினால் மேலே யாருக்குச் சொல்வது?
எக்காளம் கேட்கிற அன்று
சுவா சூ காங்கில் தேடிவிட்டுப் போய்விட்டால்?
சொல்லவே தேவையில்லை என்றுதான்
இத்தனை நாள் நம்புவதாக
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியிலிருந்த பழைய தாள்களோடு
அந்த நோட்டும் வந்தது.
அவருடைய அக்கா லீதியாள்
வாங்கியது எட்டாயிரம் வெள்ளி.
தந்தது ஆயிரத்து இருநூறு.
அடக்கத்தின் மறுவாரம்
நான் கேட்டேன், அவர் அழுதார்,
அதோடு பேச்சு நின்றது.
ஞாயிறுதோறும் நித்தியம் என்று
வாய் நிறையச் சொல்லிவிட்டு
அவர் உட்காரும் பெஞ்சுக்கு
மூன்று பெஞ்சு தள்ளி உட்காருவேன்.
நோட்டில் மட்டும் மை மங்கவில்லை.

கல்லறைக்கே தவணை முடிந்துவிட்டது.

மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.
தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
"செவ்வாய்க்கிழமை, விடியுமுன்னே.
உங்க தம்பிய எடுக்கறாங்க."

கித்தான் பந்தலுக்குக் கீழே ஒரு விளக்கு.
ஆ செங் என்ற கிழவர் குழிக்குள் இறங்கினார்.
செம்மண் ஈரமாக, கனமாக வந்தது.
போதகர் விரைவுச்சாலையில் எங்கோ மாட்டிக்கொண்டார்.
லீதியாள் வந்திருந்தார்,
என்னைவிடக் குட்டையாகி,
கையில் ஒரு பிளாஸ்க்.

"அங்கிள் உயரமா?" என்றார் ஆ செங்,
தொடை எலும்பைக் கையுறையில் ஏந்தி.
"பஸ்ஸுல குனிஞ்சுதான் நிப்பான்,"
எனக்கு முன்னால் பதில் சொன்னார் லீதியாள்.

முழங்காலோடு ஓர் எஃகுத் தகடு வந்தது,
நான்கு திருகாணிகளோடு.
கப்பல் பட்டறையில் விழுந்த வருடம் வைத்தது.
துரு இல்லை. துடைத்ததும் மின்னியது.
கிழவர் அதைத் தனியாக வைத்தார்.
அவரிடத்தில் கெடாமல் இருந்த ஒன்று
அவராக இருக்கவில்லை.
கெட்டுப்போனதைத்தான்
ஒவ்வொன்றாக எண்ணி,
குழந்தையைத் துவட்டுவதுபோல் துடைத்து,
பெட்டியில் அடுக்கினார்.
எழுப்புகிறவருக்கும்
அதுதான் வேண்டியிருக்கும்.

பிளாஸ்க்கில் இஞ்சிக் காப்பி.
ஒரே மூடிதான் இருந்தது.
அவர் குடித்து எனக்குத் தந்தார்.
பணத்தைப் பற்றி அவர் ஏதோ தொடங்கினார்,
"அந்த எட்டாயிரம்..."
லாரி ஒன்று பின்வாங்கிப் பீப் பீப் என்றது.
நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.
கேட்டது.

மாலை, சாம்பல் மாடத்துக்கான படிவம்.
முகவரி, தொடர்பு எண், உறவுமுறை.
எவ்வளவு காலத்துக்கு என்று
ஒரு கட்டம் இருக்குமோ எனத் தேடினேன்.
இருந்திருந்தால் ஞானாபரணம்
சாவியைச் சுழற்றியிருப்பார்.

வீட்டுக்கு வந்து
கால்மண்ணை ஓட்டில் தேய்த்துக் கழுவினேன்,
கடைசியில் வெளிர்பச்சைதான் வாங்கினோம்.
நாற்பத்தெட்டு ஆண்டு மிச்சமிருக்கும் இந்த வீட்டில்
ஒழுகும் குழாய்க்கு நாளை ஆள் வரச்சொல்ல வேண்டும்.

பையில் அந்த பிளாஸ்க்.
மறந்துவிட்டுப் போயிருக்கிறார்,
அல்லது மறக்காமல்.
இப்போது நான்தான் கடன்காரி.